டைனோ ஷீட்டில் 18 குதிரை: எந்த டைனோவில், பாஸ்?

வணக்கம் மக்களே, சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். பின்னால் நிற்பது ஒய்15, யமாஹா பைக். புகைக் குழாய் மாற்றி, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவை ரீமேப் செய்த தம்பிகள், டைனோ (என்ஜின் பவரை அளக்கும் மெஷின்) தரும் ஷீட்டை வாட்சாப்பில் போட்டு, எனக்கு 18 குதிரைத்திறன், உனக்கு 16தான் என்று மல்லுக்கட்டுகிறார்கள். இருவரும் ஒரே டைனோவில் ஓட்டினார்களா?

இனர்ஷியா டைனோ என்றால் கனமான உருளைதான். அதன்மேல் பின் சக்கரத்தை ஏற்றிக் கட்டி, ஒரே கியரில் முழு திராட்டல் கொடுப்பார்கள். உருளை எவ்வளவு சீக்கிரம் வேகமெடுக்கிறது என்பதை வைத்துக் கணக்கு வரும். சில விநாடிதான். ஆனால் என்ஜினை 5000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 5000 சுற்று) நிறுத்திப் பிடித்து எரிபொருளைத் திருத்த முடியாது.

அதற்கு பிரேக் உள்ள டைனோ வேண்டும். எடி கரண்ட் வகையில், சுழலும் தட்டை மின்காந்தம் பிடித்து இழுக்கும். திராட்டலை எவ்வளவு முறுக்கினாலும் என்ஜின் அதே ஆர்பிஎம்மில் நிற்கும். இழுக்கும் விசையை லோட் செல் என்ற சென்சார் அளக்கும். அந்த விசையை, லோட் செல் பிடித்திருக்கும் கையின் நீளத்தால் பெருக்கினால் டார்க், அதாவது சுழற்றும் திறன், நியூட்டன் மீட்டரில். அதை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாட்டில் பவர். ஒய்15க்கு 8500 ஆர்பிஎம்மில் 11.3 கிலோவாட் என்கிறது யமாஹா. திருப்பிப் போட்டால் அங்கே டார்க் 12.7 நியூட்டன் மீட்டர்தான் வரும். உச்சமான 13.8, 7000லேயே வந்துவிடும். செம்பனைத் தோட்டத்து மேட்டில் ஆள் ஏற்றிப் போகிறவருக்கு அந்த 7000தான் முக்கியம், சொல்லிவிட்டேன்.

யமாஹா சொல்வது கிராங்க் கணக்கு, அதாவது என்ஜின் தண்டில் வருவது. கியர், செயின், டயர் எல்லாம் தின்றது போக சக்கரத்தில் குறைவாகத்தான் வரும். அப்புறம் நம்ம ஊர் வெக்கை. சூடான, ஈரமான காற்றில் ஆக்சிஜன் குறைவு. அதனால் டைனோவின் மென்பொருள் திருத்தம் போட்டு எண்ணை ஏற்றும். அந்தத் திருத்தத்துக்கு எஸ்ஏஇ, எஸ்டிடி என்று இரண்டு முறை. எஸ்ஏஇ முறை 25 டிகிரிக்கு மாற்றுகிறது; எஸ்டிடி முறை குளிர்ந்த காற்றுக்கு, ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். ட்யூனிங்குக்கு ‘முன்’ எஸ்ஏஇ, ‘பின்’ எஸ்டிடி என்று ஷீட் கொடுத்தால், ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் குதிரை ஏறும்!

நான் ஷீட்டில் முதலில் தேடுவது ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அந்தத் திருத்த முறையைத்தான். அடுத்து 5000லிருந்து 7500 வரை டார்க் கோடு எங்கே பள்ளம் விழுகிறது என்று பார்ப்பேன். உச்ச எண் அப்புறம்.