"என் மகன் என்.எச்.எல்.லுக்குப் போவானா?"

நேயர்களுக்கு வணக்கம்.

சென்ற குளிர்காலத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கல்லூரி ஐஸ் ஹாக்கி போட்டி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை இரவு. கோல் கம்பத்துக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்பை ஒட்டிய வரிசையில் இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் ஓர் அம்மையார். அவருடைய மகன் அந்த அணியின் தடுப்பாட்டக்காரர், மூன்றாம் ஆண்டு மாணவர். பல ஆண்டுகளாகக் கல்லூரி ஹாக்கியைப் பார்த்து வருகிறேன் என்று சொன்னதும் சட்டென்று கேட்டுவிட்டார்: "என் மகன் என்.எச்.எல்.லுக்குப் போவானா?" என்.எச்.எல். என்பது வட அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக். அன்று இடைவேளையில் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் முதல் பிரிவில் 60-க்கும் மேற்பட்ட ஆண்கள் அணிகள் உள்ளன. அணிக்கு எட்டுத் தடுப்பாட்டக்காரர்கள் என்று வைத்தாலும் ஏறத்தாழ 500 பேர். என்.எச்.எல்.லில் 32 அணிகள். ஓர் ஆட்டத்தில் அணிக்கு வழக்கமாக 6 தடுப்பாட்டக்காரர்கள் இறங்குவார்கள். மொத்தம் 192 இடங்கள். அவற்றில் பெரும்பாலானவை முன்பே நிரம்பியவை. ஸ்வீடன், பின்லாந்து, கனடாவின் ஜூனியர் லீக்குகள் என்று எல்லாத் திசைகளிலிருந்தும் இளைஞர்கள் அதே வாசலில் வந்து நிற்கிறார்கள். 2025-26 பருவத்திலிருந்து அந்தக் கனடா ஜூனியர் வீரர்கள் கல்லூரி அணிகளுக்கும் ஆடலாம் என்று விதி மாறிவிட்டதால், கல்லூரி அணியில் இடம் பிடிப்பதே முன்னைவிடக் கடினம்.

ஆனால் கணக்கு ஒரு தனி மனிதனைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்கு ஆட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எதைப் பார்க்க வேண்டும்? எதிரணி வட்டை (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் தட்டு) உங்கள் பக்கத்து மூலைக்குத் தள்ளிவிடுகிறது. தடுப்பாட்டக்காரர் கோலை நோக்கித் திரும்பி ஓடுகிறார். பின்னாலேயே 90 கிலோ எடையுள்ள ஒருவன் முழு வேகத்தில் வருகிறான். வட்டைத் தொடுவதற்கு முன் அவர் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறாரா? ஒரு முறையா, இரு முறையா? பார்த்தவர் முதல் தொடுதலிலேயே சக வீரரின் மட்டைக்கு வட்டை அனுப்பிவிடுவார். பார்க்காதவர் பலகைச் சுவரில் மோதி நிற்பார். அந்தச் சத்தம் நாம் உட்கார்ந்திருக்கும் இருக்கைவரை அதிரும். கோல் அடிப்பதைவிட, பலமாக மோதுவதைவிட, இந்த இரண்டு விநாடியைத்தான் திறமை தேடி வருகிறவர்கள் குறித்துக்கொள்கிறார்கள். இப்போதைய ஆட்டத்தின் வேகத்தில் உயரமும் எடையும் மட்டும் யாரையும் காப்பாற்றுவதில்லை.

தடுப்பாட்டக்காரர் கேல் மக்காரைப் பாருங்கள். ஆறடிக்கும் குறைவு. 2017 டிராஃப்டில், அதாவது என்.எச்.எல். அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், கொலராடோ அணி அவரை நான்காவதாகத் தேர்ந்தெடுத்தது. அவரோ மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். முதல் ஆண்டில் 34 ஆட்டங்களில் 21 புள்ளிகள் (அடித்த கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்த்து). இரண்டாம் ஆண்டும் அங்கேயே இருந்தார். 41 ஆட்டங்களில் 49. 2019 ஏப்ரல் 12 வெள்ளிக்கிழமை, கல்லூரி ஹாக்கியின் மிக உயர்ந்த ஹோபி பேக்கர் விருது. மறுநாள் கல்லூரி ஹாக்கியின் இறுதிப் போட்டியில் தோல்வி. திங்கட்கிழமை இரவு கொலராடோ அணிக்காக என்.எச்.எல். பிளேஆஃபில் (கோப்பைக்கான நாக்-அவுட் சுற்றுகளில்) முதல் ஆட்டம், அதிலேயே ஒரு கோல்! 2022-இல் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை.

அவர் விதிவிலக்கு என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் டங்கன் கீத், டான் பாயில் என்ற இரு தடுப்பாட்டக்காரர்களை நினைவூட்டுகிறேன். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடிய கீத்தை 2002 டிராஃப்டில் 54-ஆவது இடத்தில்தான் எடுத்தார்கள். பிறகு என்.எச்.எல்.லுக்கு அடுத்த படியான அமெரிக்கன் ஹாக்கி லீக்கில், நார்ஃபோக் நகரில், இரண்டு முழுப் பருவங்கள் ஆடினார். அதன் பிறகே என்.எச்.எல். அணியான சிகாகோ அழைத்தது. மூன்று ஸ்டான்லி கோப்பைகளை வென்றார். டான் பாயிலை யாருமே டிராஃப்டில் எடுக்கவில்லை. மயாமி பல்கலைக்கழகத்தில் (புளோரிடா அல்ல, ஒஹாயோ மாநிலத்தில் இருப்பது) நான்கு ஆண்டுகள் ஆடினார். 2004-இல் தம்பா பே அணியோடு கோப்பையைத் தூக்கினார். 1,000 ஆட்டங்களுக்கும் மேல் ஆடிய பிறகே ஓய்வு பெற்றார்.

தடுப்பாட்டம் மெதுவாகப் பழுக்கும் கலை. முன்கள வீரன் தவறினால் இன்னொரு வாய்ப்பு வரும். தடுப்பாட்டக்காரன் தவறினால் பின்னால் கோல்கீப்பர் மட்டுமே. அந்தத் தவறுகளைச் செய்து தீர்க்க ஆண்டுகள் வேண்டும். கல்லூரி அந்த ஆண்டுகளைக் கொடுக்கிறது. வாரக் கடைசியில்தான் பெரும்பாலும் ஆட்டம். மற்ற நாட்களில் பயிற்சியும் படிப்பும். 80-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் கொண்ட என்.எச்.எல். பருவத்தில் அப்படி நின்று கற்றுக்கொள்ள யாரும் விடமாட்டார்கள். ஆகவே மூன்றாம் ஆண்டிலேயே தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி அழைப்பு வந்தால், அவசரப்படாதே என்றுதான் நான் சொல்வேன். இன்னொன்று: மட்டையை வலப்பக்கம் பிடித்து ஆடும் தடுப்பாட்டக்காரர்கள் குறைவு. அப்படிப்பட்டவருக்குக் கதவு சற்று அகலமாகவே திறக்கும்.

அந்த அம்மையாரின் மகன் இடப்பக்க மட்டைக்காரர். எந்த அணியும் அவரை டிராஃப்டில் எடுக்கவில்லை. அன்றைய ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் எங்களுக்கு நேர் எதிரே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வட்டைத் துரத்தி வந்தார். தலை ஒரு முறை திரும்பியது. பனித்துகள் கண்ணாடியில் தெறிக்க நின்று திரும்பும்போது இன்னொரு முறை. வட்டு நேராக முன்கள வீரரின் மட்டைக்குப் போனது. கூட்டத்தில் யாரும் கை தட்டவில்லை. நான் அவருடைய தாயாரின் கையைத் தொட்டு, "பார்த்தீர்களா?" என்றேன்.