மார்த் உள்ளே வந்த கதை

நேயர்களுக்கு வணக்கம்.

டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவர்களுக்கு மூலைக்கடை டீ ரூம் மறந்திருக்காது. ரொட்டி வாங்கிவர அனுப்புவார்கள். மிச்சச் சில்லறை வீடு வந்து சேராது. கதவோரம் நின்ற கேம் மெஷின் விழுங்கிவிடும். எங்கள் டீ ரூமில் இருந்தது 'கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ்'. 1994-இல் எஸ்.என்.கே. நிறுவனம், தன் வெவ்வேறு விளையாட்டுகளில் இருந்த வீரர்களை மும்மூன்று பேராகச் சேர்த்து ஒரே களத்தில் மோதவிட்டது. இதில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது? அந்த வயதில் எனக்குள் புகுந்த கேள்வி, இன்னும் விடவில்லை.

பேர் பெற்றவர்கள்தான் வருவார்கள் என்று நினைப்போம். அது பாதிதான். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

மாமா வீட்டில் நிண்டெண்டோ நிறுவனத்தின் விளையாட்டுக் கருவியான கேம்கியூப் வாங்கியிருந்தார்கள். அதில் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ', 2001-இல் வந்த விளையாட்டு; இதுவும் வெவ்வேறு விளையாட்டுகளின் பாத்திரங்களை மோதவிடுவதுதான். மரியோ, பிக்காச்சு எல்லாம் எங்களுக்குத் தெரிந்த முகங்கள். நடுவில் நீல முடியும் வாளுமாக ஒருவன்: மார்த். யார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவனுடைய 'ஃபயர் எம்ப்ளம்' விளையாட்டு 1990-இலேயே ஜப்பானில் வந்துவிட்டது; அதுவரை வெளியே வந்திருக்கவே இல்லை. ஆங்கிலம் பேசுகிறவர்கள் நடுவில் இவன் ஜப்பானிய மொழியில் பேசுவான். நான் அவனைத்தான் எடுப்பேன். வாளின் நுனி பட்டால் அடி பலமாக விழும். கிட்டப் போய் வெட்டினால் அவ்வளவு விழாது. எட்ட நின்று அளந்து அடிக்க வேண்டும்.

பின்னால் உட்கார்ந்திருந்த ஆயா கேட்டார்: "என்னடா சொல்றான் அவன்?"

"தெரியல ஆயா."

"நான் பேசுறதே உனக்குப் பாதி புரியல. அவன் பேசுறதை மட்டும் ஆசையா கேக்குறியே!"

அன்று ஆயா சொன்னதுதான் பிறகு என்னைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பியது. அது இருக்கட்டும், மார்த்துக்கு வருகிறேன். அவனோடு வந்த, அதே தொடரைச் சேர்ந்த ராயின் சொந்த விளையாட்டு அப்போது ஜப்பானிலேயே வெளியாகியிருக்கவில்லை, 2002-இல்தான் வந்தது. முன்னறிமுகமாகவே அவனை உள்ளே விட்டார்கள். இந்த இருவரால் பிறந்த ஆர்வமும் சேர்ந்துதான் 2003-இல் 'ஃபயர் எம்ப்ளம்' ஜப்பானைத் தாண்டியது. யாரும் அறியாத ஒருவனைச் சேர்த்ததால் ஒரு தொடருக்கே கதவு திறந்தது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பேர் மட்டும் போதாது.

வேறென்ன வேண்டும்? இன்னொருவரிடம் இல்லாத ஆட்டம் வேண்டும். ஸ்மாஷை உருவாக்கிய மாசாஹிரோ சகுராய் இதில் கறார். 2014-இல் வந்தவர்களில் ஒருவர் வீ ஃபிட் பயிற்சியாளர். உடற்பயிற்சி சொல்லித்தருகிறவர், சண்டைக்காரரே இல்லை. அவர் எதை வைத்து அடிக்கிறார் தெரியுமா? சூரிய நமஸ்காரம்! இரு கைகளையும் உயர்த்தி நிற்க, நடுவில் ஒளிப்பந்து திரளும். அதே ஆண்டு வந்த கிராமவாசி மரக்கன்று நட்டு, தண்ணீர் ஊற்றி, வளர்ந்ததும் வெட்டி எதிராளி மேல் சாய்ப்பான். அவனைச் சண்டைக்குப் பொருந்தாதவன் என்று முன்பு ஒதுக்கியிருந்தார்கள். ஆட்டம் கிடைத்தது, இடமும் கிடைத்தது.

சில வேளை நேரம் ஒத்துவராது. 'மெட்டல் கியர்' விளையாட்டை உருவாக்கிய ஹிதேயோ கொஜிமா, அதன் நாயகன் ஸ்னேக்கை மெலீயிலேயே சேர்க்கச் சொன்னார், வேலை முற்றிவிட்டிருந்தது. 2008-இல் அடுத்த ஆட்டத்தில்தான் வந்தான்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கைகாட்டுகிறார்கள். உரிமை ஒப்பந்தங்களைப் பற்றி நிறைய எழுதி வைத்திருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2015-இல் யார் வேண்டும் என்று நிண்டெண்டோ ரசிகர்களிடமே வாக்குக் கேட்டது. முதலிடம் சோராவுக்கு. அவன் 'கிங்டம் ஹார்ட்ஸ்' விளையாட்டின் நாயகன், டிஸ்னியும் சம்பந்தப்பட்ட பாத்திரம். பேசி முடித்து அவன் களமிறங்க 2021 அக்டோபர் ஆனது, கடைசி ஆளாக. நன்றி, வணக்கம்.