இராவணன் கோட்டையில் இறங்குவதற்கு முன்

வணக்கம் நேயர்களே.

இலங்கையின் தென்கிழக்கு மூலையில், யால காட்டுக்கு நேரே வெளிக்கடலில், கரையிலிருந்து சுமார் 13 கிலோமீற்றர் தூரத்தில் ஒரு கற்பார், அதாவது கடலடிப் பாறைத் தொடர், இருக்கிறது. கடல் வரைபடத்தில் அதன் பெயர் கிரேட் பாஸஸ். சிங்கள மக்கள் மகா ராவணா கோட்டே என்பார்கள். இராவணனின் கோட்டை கடலில் மூழ்கிப்போன இடம் என்பது ஊர்க்கதை. அதற்குக் கிழக்கே இன்னொரு பார், சின்ன இராவணன் கோட்டை. இரண்டிலும் கலங்கரை விளக்கம் உண்டு. பெரியதில் 1873இலும் சின்னதில் 1878இலும் விளக்கேற்றினார்கள். கல்லையெல்லாம் ஸ்கொட்லாந்தில் செதுக்கி, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்படி செய்து, கப்பலில் கொண்டுவந்து நட்ட கோபுரங்கள் அவை. ஹிக்கடுவைக்கும் திருகோணமலைப் புறாத்தீவுக்கும் எத்தனையோ பேர் சுழியோடப் போய் வருகிறார்கள். இந்தப் பாரில் இறங்கிப் பார்த்தவர்கள் மிகச் சிலர். வருடத்தில் சில வாரங்கள் மட்டுமே கடல் அங்கே ஆளை விடும்.

அந்தச் சில வாரத்துக்கு ஒரு சுழியோட்டத்தை எப்படித் திட்டமிடுவது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். திட்டத்தில் நான் முதலில் எழுதுவது, எந்தெந்த நிலையில் இறங்காமல் திரும்புவோம் என்பதை. விடுமுறை எடுத்து, கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்து, படகுக்காரருக்கு முற்பணமும் கொடுத்தபிறகு, விடிகாலையில் பாருக்கு மேலே படகில் இருந்துகொண்டு 'வேண்டாம்' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆகவே அந்தச் சொல்லை முதல் நாளே, தரையில், நிதானமாக இருக்கும்போது தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

முதலில் காலம். வாடை வீசும் மாதங்களில் இலங்கைக்குத் தெற்கே கடல் நீரோட்டம் மேற்கு நோக்கி ஓடும். சோழகம், அதாவது தென்மேற்குக் காற்று, எழுந்துவிட்டால் அதே நீர் திரும்பிக் கிழக்கே பாயும். இரண்டுக்கும் இடைப்பட்ட வேளைதான் நமக்கு உரியது: பொதுவாக மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை. 1961 மார்ச்சில்தான் கடலடிப் படப்பிடிப்பாளர் மைக் வில்சன் இங்கே படம் பிடிக்க இறங்கிய இடத்தில் வெள்ளி நாணயக் கட்டிகளைக் கண்டார். சூரத்தில் அச்சிட்ட, ஹிஜ்ரி 1113ஆம் ஆண்டு பொறித்த ரூபாய்கள். நமது கணக்கில் 1702. அவரும் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அந்த இடத்தை முறையாக ஆராய்ந்தது 1963இல். 

காலம் சரியென்றாலும் போதாது. இங்கே ஆளைக் கொல்லக்கூடியது பெரும்பாலும் அலையின் உயரமல்ல, அலைக்கும் அலைக்கும் இடையிலான நேரம். அம்பாந்தோட்டைக் கரையிலிருந்து நேர் தெற்கே போனால் அந்தாட்டிக்கா வரை நிலம் கிடையாது. அங்கே எங்கோ அடித்த புயலின் அலை நாட்கணக்காக ஓடி வந்து, தடுப்பார் இல்லாமல் இந்தப் பாரில் மோதுகிறது. ஆறு விநாடிக்கு ஒன்றாக வரும் உள்ளூர்க் காற்றலையின் அசைவு முப்பது மீற்றர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். பதினான்கு விநாடிக்கு ஒன்றாக வரும் நெடும் அலையின் அசைவோ நூற்றைம்பது மீற்றர் ஆழம்வரை இறங்கும். மேலே கடல் எண்ணெய் ஊற்றியதுபோல இருக்கும். இருபது மீற்றர் ஆழத்தில் பாறை இடுக்குக்குள் நிற்கும் சுழியோடியை அது முன்னும் பின்னும் இழுத்து அடிக்கும். எனவே முன்னறிவிப்பில் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் படகைக் கேட்காதீர்கள். என் தாளில் உள்ள விதி இது: அலை ஒரு மீற்றருக்கு மேல், இடைவெளி 12 விநாடிக்கு மேல், இரண்டும் சேர்ந்து இருந்தால் பயணம் இல்லை.

இதை வீட்டிலிருந்தே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செய்மதிகள் ஒரே இடத்தை ஐந்து நாளுக்கு ஒருமுறை படமெடுக்கின்றன. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கடந்த ஆண்டுகளின் மார்ச், ஏப்ரல் படங்களைத் திறந்து கிரேட் பாஸஸைத் தேடுங்கள். நுரை வெள்ளையாகத் தெரியும் நாளையும், தெரியாத நாளையும் குறித்துக்கொண்டு, அந்தந்த நாளின் அலைப் பதிவோடு ஒப்பிடுங்கள். எந்த அலைக்குப் பார் உடைகிறது, எந்தப் பக்கம் உடைகிறது என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய வரும். எனக்கு இந்த வேலையில் தனி இன்பம். பாரைத் தொடுவதற்குப் பல மாதம் முன்பே அதோடு பழகிவிடலாம்.

புறப்படும் இடம் கிரிந்த. அந்த மீன்பிடித் துறைமுகம் மணல் அடைப்புக்குப் பேர்போனது. வாய் எவ்வளவு ஆழமாக இருக்கிறது, எந்தப் பக்கம் ஒதுங்கி ஓட்டவேண்டும் என்பதை அங்கே தினமும் தொழிலுக்குப் போகிறவர்தான் சொல்ல முடியும். வெளியூர்ப் படகோட்டியைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். உள்ளூர் ஆளாக இருக்கவேண்டும், இருவர் இருக்கவேண்டும், இரண்டு இயந்திரம் இருக்கவேண்டும். விடியும்போது புறப்பட்டு, முற்பகலில் திரும்பிவிட வேண்டும். ஏப்ரலில் பிற்பகல் இடிமழை சர்வசாதாரணம்.

இனிக் காற்று, அதாவது முதுகில் சுமக்கும் காற்று. இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது, பொறுமையாகக் கேளுங்கள்.

12 லீற்றர் சிலிண்டர், மானியில் 200 (வளிமண்டல அமுக்கத்தைப்போல் சுமார் 200 மடங்கு) என்றால் உள்ளே 2,400 லீற்றர் காற்று. அமைதியாக நீந்துகிற ஒருவர் நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பார். இருபது மீற்றரில் அமுக்கம் மூன்று மடங்கு; செலவும் 60 லீற்றர் ஆகிவிடும். மானி 50க்கு வரும்போது மேலே இருங்கள் என்று பயிற்சியில் சொல்லித்தருவார்கள். அமைதியான விரிகுடாவில் அது சரி. இந்தப் பாரில் கூட்டாளியின் காற்று திடீரென்று நின்றுபோனால்? இரண்டு பேரும் பதற்றத்தில் ஆளுக்கு 30 லீற்றர் வீதம், ஒரே சிலிண்டரில் சுவாசிக்கிறார்கள். நிலைமையைச் சமாளிக்க அடியில் இரண்டு நிமிடம்: 360 லீற்றர். மெதுவாக மேலேற மூன்று நிமிடம்: இன்னும் 360. உடம்பில் கரைந்த நைதரசன் வெளியேற, ஐந்து மீற்றரில் மூன்று நிமிடத் தரிப்பு: 270. கூட்டினால் 990 லீற்றர். மானியில் அது 80க்கும் மேல். ஆக, எங்கள் குழுவில் திரும்பும் எண் 90. யாருடைய மானி முதலில் 90ஐத் தொடுகிறதோ, அந்தக் கணம் எல்லோரும் மேலே.

அப்படியானால் அடியில் செலவழிக்க மிஞ்சுவது 1,320 லீற்றர். அமைதியாக இருந்தால் 22 நிமிடம். அலையோடு மல்லுக்கட்டினால் 15 நிமிடம்கூட இல்லை. சுழியோட்டப் பயிற்சி அமைப்பான 'பாடி'யின் (PADI) அட்டவணைப்படி 20 மீற்றரில் தரிப்புக் கட்டாயமில்லாமல் 45 நிமிடம் இருக்கலாம். கையில் கட்டிய கணினியும் தாராளமாக நேரம் காட்டிக்கொண்டிருக்கும். அதை நம்பி இருந்துவிடக் கூடாது. இங்கே நைதரசன் எல்லைக்கு வெகு முன்பே காற்று தீர்ந்துவிடும்.

பாரை அடைந்ததும் உடனே குதிக்கவேண்டாம். பாதி தண்ணீர் நிரப்பிய போத்தல் ஒன்றை முன்னணியத்தின் அருகே போடுங்கள். இயந்திரத்தை நிறுத்திப் பார்த்தால் படகும் சேர்ந்து ஓடும், எனவே விளக்குக் கோபுரத்தைக் குறியாக வைத்து, படகோட்டி படகை ஒரே இடத்தில் பிடித்திருக்கவேண்டும். ஆறு மீற்றர் படகின் நீளத்தைப் போத்தல் 12 விநாடிக்குள் கடந்தால் நீரோட்டம் சுமார் ஒரு நொட்டு (மணிக்கு ஒரு கடல்மைல்) அல்லது அதற்கு மேல். அதை எதிர்த்து எந்தச் சுழியோடியும் நெடுநேரம் நீந்த முடியாது. அதுவும் தாளில் எழுதிய விதி: திரும்பிவிடுகிறோம்.

நங்கூரம் போட்டு வைக்கிற வழக்கமும் இங்கே ஆகாது. படகு ஓடும் நிலையிலேயே இருக்கும், சுழியோடிகளின் மிதவையைப் பின்தொடரும். ஆளுக்கொரு ஊதி மிதவை, விசில், சிறு கண்ணாடி. அலைக்கு நடுவே தலை ஒன்று சில நூறு மீற்றர் தள்ளிப் போனாலே கண்ணுக்குத் தெரியாது. செம்மஞ்சள் மிதவை தெரியும். இதையெல்லாம் முடித்துவிட்டு இறங்கினால், பாறைப் பிளவுகளும், களவா மீனும், பாரை மீன் கூட்டமும் தாமாகவே கிடைக்கும். நாணயமோ பீங்கானோ கண்ணில் பட்டால் தொடாமல் இடத்தைக் குறித்து, காலியிலுள்ள கடல்சார் தொல்லியல் பிரிவுக்குச் சொல்லுங்கள். எடுத்து வந்த பொருள் மேசையில் கிடக்கும்; அது சொல்லியிருக்கக்கூடிய வரலாறு போய்விடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்லவேண்டும். அமுக்கத்தில் கரைந்த நைதரசன் குமிழாகி நரம்பைத் தாக்கும் நோயை, இந்த நிகழ்ச்சியைக் கேட்கும் கடலோரக் குடும்பங்கள் பல நேரில் பார்த்திருப்பீர்கள். கடலட்டைக்கும் சங்குக்கும் ஒரே நாளில் திரும்பத் திரும்ப ஆழத்துக்குப் போய், இடுப்புக்குக் கீழே உணர்விழந்த இளைஞர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் அட்டவணை கற்றுத்தரவில்லை என்பது எனக்கு இன்றும் மனவேதனை. பொழுதுபோக்குக்காக இறங்கும் நமக்கு எல்லாம் கற்றுத்தந்திருக்கிறார்கள். தெரிந்தும் மீறுவதற்கு நியாயமே இல்லை. படகில் ஒட்சிசன் பெட்டி இருக்கவேண்டும். இந்த நோய்க்கு ஆளை மீண்டும் அமுக்கத்தில் வைத்துச் சிகிச்சை தரும் அமுக்க அறை எங்கே இருக்கிறது, இன்று இயங்குகிறதா என்று புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டிருக்கவேண்டும். கிரிந்தவிலிருந்து அது பக்கத்தில் இல்லை. மூட்டு வலியோ, விரல் விறைப்போ, சாதாரணக் களைப்பு என்று படுத்துவிடாதீர்கள்.

வீடு திரும்பும் வழியும் திட்டத்தில் சேரும். பலர் சுழியோடிய அன்றே எல்ல, நுவரெலியா வழியாக மலையேறுவார்கள். நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,800 மீற்றருக்கும் அதிகம். வளி அமுக்கம் குறைந்த அந்த உயரத்தில், உடம்பில் மிச்சமிருக்கும் நைதரசன் குமிழாகலாம். விமானத்துக்கு 18 மணி நேரம் காத்திருக்கிற அதே நியாயம்தான். அன்றிரவு திஸ்ஸமகாராமையில் தங்குங்கள். மலைப் பயணம் அடுத்த நாள்.

கடைசியாக, கரையில் ஒருவர் நிற்கவேண்டும். கடலுக்கு வர விருப்பமில்லாதவராக, சொன்னதைச் செய்பவராக இருக்கட்டும். அவர் கையில் ஒரு தாள்: படகின் எண், போகிறவர்களின் பெயர், இறங்கும் இடத்தின் ஜீபீஎஸ் குறி, திரும்பும் நேரம். அடியில், பகல் 12 மணிக்குள் எங்கள் குரல் கேட்காவிட்டால் கடற்படைக்கும் கடலோரக் காவற்படைக்கும் அறிவியுங்கள் என்ற வரி, தொலைபேசி எண்களோடு. அவரிடம் நேரில் சொல்லுங்கள்: பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான். வந்துவிடுவார்கள் என்று அரை மணி நேரம் பார்த்திருக்க வேண்டாம். நாங்கள் சிரித்துக்கொண்டே 12.10க்கு வந்து சேர்ந்தாலும், அழைத்ததற்காக யாரும் கோபிக்கமாட்டோம்.

வணக்கம்.