ஏட்டில் ஏறாத சுரைக்காய்

(இளைஞர்களுக்கான கானுயிர்ப் பயிலரங்கின் நிறைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற வனப் பாதுகாவலர் ஐயா அவர்களே, மூன்று நாள்களும் தம் சொந்த அலுவல்களை ஒதுக்கிவைத்து மாணவர்களோடு அதிகாலையிலேயே களத்துக்கு வந்து நின்ற விலங்கியல் துறைத் தலைவர் அம்மையார் அவர்களே, அன்பான வரவேற்புரை வழங்கிய செயலாளர் அவர்களே, கானுயிர்ப் பாதுகாப்பையே வாழ்க்கைப் பணியாக ஏற்க வேண்டும் என்ற விருப்பத்தோடு வந்திருக்கும் இளைஞர்களே, உங்களை இங்கே அனுப்பிவைத்த பெற்றோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

அவைத்தலைவர் அவர்களைப் பற்றிச் சில சொற்கள் கூறாமல் நான் மேலே செல்ல இயலாது. பைனாகுலர் வாங்க வழியில்லாத மாணவனாக நான் அவர் முன் நின்ற நாளில், தம் கழுத்தில் கிடந்ததைக் கழற்றி என் கையில் கொடுத்து, ஒரு வலசைப் பருவம் முழுவதும் வைத்துக்கொள்ளச் சொன்னவர் அவர். எப்போது திருப்பித் தருவாய் என்று ஒரு முறைகூட அவர் கேட்டதில்லை. அவர் தலைமை தாங்கும் மேடையில் பேசும் வாய்ப்பை என் பேறாகக் கருதுகிறேன். வனப் பாதுகாவலர் ஐயா அவர்கள் தம் பணிக்காலத்தில் தன்னார்வலர்களுக்குக் காட்டின் கதவைத் திறந்துவிட்டவர். அந்த நன்றியையும் இந்த அவையில் பதிவு செய்கிறேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, கல்வியின் வழியாகவும் தன்னார்வப் பணியின் வழியாகவும் கானுயிர்ப் பாதுகாப்புத் துறைக்குள் நுழைவது எப்படி என்பது. என்ன படிப்பது, எங்கே சேர்ந்து உழைப்பது, இத்துறையில் பிழைப்பை எப்படி அமைத்துக்கொள்வது என்று மூன்று பகுதிகளாகப் பேச எண்ணி வந்திருக்கிறேன். ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்ற பழமொழியை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். என் ஆசிரியர் ஒருவர் அதைத் திருப்பிப் போட்டு, ‘ஏட்டில் ஏறாத சுரைக்காயும் கறிக்கு உதவாது’ என்பார். இந்த இரண்டு சுரைக்காய்களும் இன்று என் பேச்சில் திரும்பத் திரும்ப வரும்.

முதலில் படிப்பு. விலங்கியல், தாவரவியல், சூழலியல், வனவியல், கால்நடை மருத்துவம் ஆகியவை எல்லோரும் அறிந்த வாயில்கள். ஆனால் காட்டைக் காப்பாற்றச் சட்டம் படித்தவர் வேண்டும். காட்டையொட்டி வாழும் மக்களோடு அமர்ந்து பேசச் சமூகவியல் படித்தவர் வேண்டும். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து விலங்குகள் நடமாடும் எந்த வழித்தடம் எங்கே அறுபட்டிருக்கிறது என்று சொல்லப் புவித் தகவல் முறைமை பயின்றவர் வேண்டும். எந்தத் துறையில் பட்டம் பெற்றாலும் புள்ளியியலை மட்டும் விட்டுவிடாதீர்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1964 முதல் பேணிவரும், உயிரினங்களின் அழிவு அபாயத்தைக் காட்டும் சிவப்புப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். முதிர்ந்த உயிரிகள் 50க்கும் குறைவாக எஞ்சியிருந்தால் ஓர் இனம் மிக அருகிய நிலையில் இருப்பதாகவும், 250க்கும் குறைவாக இருந்தால் அருகிய நிலையில் இருப்பதாகவும் அதன் அளவுகோல்களில் ஒன்று கூறுகிறது. அந்த எண்ணை யாரோ ஒருவர் வெயிலிலும் மழையிலும் நடந்து எழுதிக்கொடுத்திருக்க வேண்டும் அல்லவா?

பட்டமே இல்லாமல் புகழ்பெற்றவர்கள் இருக்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். 1960இல் தான்சானியாவின் கோம்பே காட்டுக்குச் சென்றபோது சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடாலிடம் பட்டம் ஏதும் இல்லை என்பது உண்மைதான். புல்தண்டைப் புற்றுக்குள் விட்டுக் கரையான் பிடித்த சிம்பன்சியை அந்த ஆண்டிலேயே கண்டு, கருவியைக் கையாளும் உயிரினம் மனிதன் மட்டுமே என்ற எண்ணத்தை அவர் அசைத்தார். ஆயினும் அவரே பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1966இல் முனைவர் பட்டம் பெற்றார் என்பதைக் கேட்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். அவர் கண்டதை உலகம் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், கண்டவற்றை அன்றன்றே நாளும் நேரமும் குறித்து அவர் எழுதிவைத்தது என்பதே என் கருத்து.

இனி தன்னார்வப் பணி. இதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்ல அனுமதிக்க வேண்டும். சற்று நீளமான கதை. கல்லூரியில் நான் முதல் மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்த காலம். விலங்குகளின் அறிவியல் பெயர்களை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஓர் ஓடையின் கரையில் நான்கு கிலோமீட்டர் தொலைவுக்கு நீர்நாய்களின் தடயங்களைக் கணக்கெடுக்கும் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நீர்நாய் தன் எச்சத்தைக் கண்ட இடத்தில் இட்டுச் செல்வதில்லை. நீரோரத்துப் பாறைகளில் தனக்கென்று சில இடங்களை வைத்துக்கொண்டு, அங்கேயே திரும்பத் திரும்ப வந்து இடும். அதன் மூலம் மற்ற நீர்நாய்களுக்குத் தன் இருப்பைத் தெரிவிக்கும். ஆகவே நாற்பது பாறைகளுக்கு எண் இட்டிருந்தார்கள். வாரம் ஒரு முறை ஒவ்வொரு பாறையாகப் பார்த்து, எச்சம் இருக்கிறதா, கருத்து ஈரமாக இருக்கிறதா, வெளுத்து உதிர்கிறதா, உள்ளே மீன் செதில் இருக்கிறதா, நண்டு ஓட்டுத் துணுக்கு இருக்கிறதா என்று எழுத வேண்டும். இதுதான் வேலை.

முதல் நாள் நான் பதினோராம் பாறையைக் கடந்து போய்விட்டேன். உடன் வந்த மீனவப் பெரியவர் என் தோளைத் தொட்டு, “தம்பி, மோந்து பாருங்க” என்றார். மீன் வாடை அடித்தது. பாறையின் பின்புறச் சரிவில் புதிய எச்சம் இருந்தது. நூலில் படித்த நீர்நாயை நான் அறிவேன். பாறையில் வந்து போன நீர்நாயை அவர்தாம் அறிவார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அன்று அந்தப் பெரியவர் கடிந்து ஒரு சொல் சொல்லாமல் எனக்குக் கற்பித்தார். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் எங்கள் குழுத்தலைவர் அவர் பெயரிலேயே குறிப்பேட்டில் எழுதிவைத்ததையும் நான் கண்டேன்.

மூன்று மாதம் சென்றது. மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் போனேன். நாற்பது பாறைகளிலும் ஒன்றுமில்லை. அடுத்த வாரமும் இல்லை. கண்டது ஏதுமில்லை என்பதால் எழுதவும் ஏதுமில்லை என்று குறிப்பேட்டை மூடிவிட்டேன். இப்படியே ஐந்து வாரம். குழுத்தலைவர் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இந்த ஐந்து வாரப் பக்கம் எங்கே?” என்று கேட்டார். “ஒன்றும் தென்படவில்லை ஐயா” என்றேன். “தென்படவில்லை என்பதை யார் எழுதுவார்கள்?” என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அதன் பொருள் எனக்கு இரண்டு ஆண்டுகள் கழித்தே விளங்கியது. அந்த ஓடையில் நீர்நாய்கள் முற்றிலும் மறைந்துபோயின. மேற்புறத்தில் மணல் அள்ளத் தொடங்கியதற்கு முன்பே அவை போய்விட்டனவா, பின்பு போயினவா என்று, மணல் அள்ளுவதை எதிர்த்து நாங்கள் கொடுத்த மனுவின் விசாரணையில் கேட்டார்கள். விடை சொல்ல வேண்டிய வாரங்கள், நான் எழுதாமல் விட்ட அந்த ஐந்து வாரங்கள். நீர்நாய் வரவில்லையா, தன்னார்வலர் வரவில்லையா என்று அந்த ஏட்டைப் பார்த்து எவராலும் சொல்ல முடியவில்லை. எங்கள் மனு வலுவிழந்தது. ஏட்டில் ஏறாத சுரைக்காய் என்று ஆசிரியர் சொன்னதன் முழுப் பொருளும் எனக்கு அன்றுதான் உறைத்தது; இன்று நினைத்தாலும் மனம் கனக்கிறது.

இதில் ஓர் அறிவியல் அடிப்படை உண்டு. ஒரு விலங்கு ஓரிடத்தில் இருந்தும் நம் கண்ணில் படாமல் போகலாம். ஒரே இடத்துக்குப் பலமுறை சென்று, கண்ட நாளுக்கு 1 என்றும் காணாத நாளுக்கு 0 என்றும் முறையாகப் பதிந்தால்தான், அது கண்ணில் படும் வாய்ப்பு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டு, உண்மையில் எத்தனை இடங்களில் அது வாழ்கிறது என்று மதிப்பிட முடியும். சுழியத்தை எழுதாதவர் இந்தக் கணக்கின் பாதியை அழித்துவிடுகிறார். 2002இல் தொடங்கிய ‘ஈபேர்ட்’ தளத்தில் பறவைப் பட்டியலை ஏற்றும்போது, அடையாளம் கண்ட பறவைகள் அனைத்தையும் குறிப்பிட்டீர்களா என்று கேட்பதும் இதற்காகவே. ஆம் என்று விடை தந்தால், பட்டியலில் இல்லாத பறவை அங்கே உங்கள் கண்ணில் படவில்லை என்ற செய்தியும் சேர்ந்து பதிவாகிறது.

எங்கே சேர்வது என்பதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் வட அமெரிக்காவில் 27 பேர் தொடங்கிய பறவைக் கணக்கெடுப்பு இன்றும் தொடர்கிறது. அதுபோன்ற பொதுக் கணக்கெடுப்புகளில் முதலில் சேருங்கள். காட்டில் அசைவு கண்டதும் தாமே படம் பிடிக்கும் தானியங்கிக் கேமராக்கள் எடுத்துத் தள்ளும் ஆயிரக்கணக்கான படங்களில், காற்றில் ஆடிய புல்லை மட்டும் காட்டுபவற்றைப் பிரித்தெடுக்கும் வேலை கிடைத்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். மீட்பு மையத்தில் கூண்டு கழுவச் சொன்னால் கழுவுங்கள். பாலூட்டிகளைக் கையாளும் பணியானால், முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டு செல்லுங்கள். பணம் கட்டினால் சிங்கக் குட்டிக்குப் புட்டிப்பால் ஊட்டலாம், மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று அழைக்கும் இடங்களுக்கு மட்டும் போகாதீர்கள். மனிதக் கையில் வளர்ந்து பழகிய அந்தக் குட்டி காட்டுக்குத் திரும்பி வாழப் போவதில்லை. அரிய பறவையின் கூடு இருக்கும் இடத்தைக் குறிப்பேட்டில் துல்லியமாக எழுதுங்கள். சமூக ஊடகத்தில் எழுதாதீர்கள்.

மூன்றாவதாகப் பிழைப்பைப் பற்றிப் பேச வேண்டும். செயலாளர் அவர்கள் நேரத்தைச் சுட்டிக்காட்டுகிறார். தொடக்கத்தில் கிடைப்பவை பெரும்பாலும் குறுகியகால ஒப்பந்தப் பணிகளாகவே இருக்கும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, எஞ்சிய நேரத்தை நான் பல ஆண்டுகளாக எல்லா மேடைகளிலும் வைத்துவரும் கோரிக்கைக்குத் தர விரும்புகிறேன்.

அமெரிக்காவின் பெர்க்லி நகரில் முதுகெலும்பு விலங்குகளுக்கான அருங்காட்சியகம் 1908இல் நிறுவப்பட்டபோது அதன் முதல் இயக்குநரானவர் ஜோசப் கிரின்னல். அவர் தம் குழுவினரைக் கலிபோர்னியா மலைகளெங்கும் அனுப்பி, பார்த்த ஒவ்வொன்றையும் பக்கம் பக்கமாக எழுதவைத்தார். இந்தக் குறிப்புகளின் உண்மையான மதிப்பு, ஒருவேளை ஒரு நூற்றாண்டு கழித்தே உணரப்படும் என்று அவர் 1910இல் எழுதினார். 1939இல் அவர் மறைந்தார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் அவருடைய ஏடுகளைக் கையில் வைத்துக்கொண்டு யோசமிட்டி பகுதியில் அதே இடங்களில் மீண்டும் கணக்கெடுத்தார்கள். ஆராய்ந்த 28 சிறு பாலூட்டி இனங்களில் பாதியின் வாழிட எல்லைகள் சராசரியாக ஏறத்தாழ 500 மீட்டர் மேல்நோக்கி நகர்ந்திருந்ததை 2008இல் வெளியிட்டார்கள். பழைய ஏடுகள் இல்லையென்றால் அந்த நகர்வை அளக்க ஒப்பிடுவதற்கு என்ன இருந்திருக்கும்?

நம்மிடையே எத்தனை தன்னார்வலர்களின் குறிப்பேடுகள் பரணில் கிடந்து கரையானுக்கு இரையாகின்றன! ஆகவே இந்த மேடையில் இருக்கும் பெரியவர்களிடம் இரண்டு விண்ணப்பங்களை வைக்கிறேன். கானுயிர்ப் படிப்புகளுக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, மதிப்பெண் பட்டியலோடு ஓராண்டுக் களக்குறிப்பேட்டையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கல்லூரி நூலகத்திலும் தன்னார்வலர்களின் ஏடுகளுக்கென்று ஓர் அடுக்கு ஒதுக்கி, எண் இட்டு, படியெடுத்து, எவர் கேட்டாலும் கிடைக்குமாறு செய்யுங்கள். துறைத் தலைவர் அம்மையார் தலையசைப்பதைப் பார்க்கிறேன். அதை இசைவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இளைஞர்களே, அரங்க வாயிலில் உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பேடும் பென்சிலும் வைத்திருக்கிறோம். மழையில் மை கரையும், பென்சில் எழுத்து நிற்கும். பிழை நேர்ந்தால் அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு எழுதுங்கள். நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடம், நடந்த தொலைவு, வானிலை, உடன் வந்தவர், கண்டவை, தேடியும் காணாதவை என்ற வரிசை முதல் பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. இந்த வளாகத்து மரங்களின் கீழ் பத்து நிமிடம் நின்று அந்தப் பக்கத்தை நிரப்பிய பிறகு பேருந்தில் ஏறுங்கள். நன்றி, வணக்கம்.