காதில் போட்ட ஊசி: விலங்குகளுக்கான டி.என்.ஏ. தடுப்பூசி

[காட்சி: வெள்ளவத்தை. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கை. மதிலோரம் இரண்டு தெருநாய்கள்.]

இந்த ஒழுங்கைக்கு அவ்வப்போது மாநகர சபை வண்டி வரும். ஒருவர் நாயைப் பிடிப்பார், மற்றவர் ஊசியைப் போடுவார். நாய் ஒரு கத்துக் கத்திவிட்டு ரயில் பாதைப் பக்கம் ஓடிவிடும். விசர்நாய்த் தடுப்பூசி. அதற்குள் இருப்பது செத்த வைரஸ். பிணத்தைக் காட்டி "இந்த முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்" என்று உடம்புக்குச் சொல்கிற பழைய வழி. நல்ல வழிதான்.

டி.என்.ஏ. தடுப்பூசியில் அந்தப் பிணமும் இல்லை. வைரஸின் ஒரு புரதத்தைச் செய்வதற்கான மரபணு மட்டும் இருக்கும். விசர்நாய் வைரஸ் என்றால், அதன் மேலே முள்ளு முள்ளாக நிற்கும் புரதத்தின் மரபணு. அதைப் பிளாஸ்மிட் என்ற வட்ட டி.என்.ஏ.யில் பொருத்தி, பக்டீரியாவில் பெருக்கி, சுத்தமாக்கி ஊசியில் ஏற்றுவார்கள். சமையல் குறிப்பைக் கொடுத்தாயிற்று. சமைப்பது விலங்கின் கலம்.

[அனிமேஷன்: தசைக் கலம். பிளாஸ்மிட் ஒன்று கருவுக்குள் நுழைகிறது.]

கலம் தன் கையாலேயே வைரஸ் புரதத்தைச் செய்யும்போது, அதன் துண்டுகளைத் தன் மேற்பரப்பில் தூக்கிக் காட்டும். உண்மையான தொற்றிலும் இதுதான் நடக்கிறது. தொற்றுப்பட்ட கலங்களைத் தேடிக் கொல்லும் வெள்ளை அணுக்களான கொல்லி டி கலங்கள் அதைப் பார்த்து விழித்துக்கொள்ளும். செத்த வைரஸ் ஊசியால் இவற்றை எழுப்புவது கஷ்டம். அது பெரும்பாலும் பிறபொருளெதிரியோடு, அதாவது வைரஸில் ஒட்டிக்கொண்டு அதைத் தடுக்கும் புரதத்தோடு, நின்றுவிடும். இங்கே இரண்டும் கிடைக்கலாம். கலத்துக்கு வெளியே வரும் புரதத்தை, உடம்பின் காவற்காரர்களான டென்ட்ரிடிக் கலங்கள் பொறுக்கி எடுத்து உதவி டி கலங்களுக்குக் காட்ட, அவை பிறபொருளெதிரியைச் செய்யும் பி கலங்களைத் தூண்ட, பிறபொருளெதிரியும் சுரக்கும். போதாததற்கு, பக்டீரியாவில் வளர்ந்த டி.என்.ஏ. என்பதால் அந்த வாசனையே உடம்புக்கு ஓர் அபாய மணி.

1993இல் எலிகளில் செய்த பரிசோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 1934ஆம் ஆண்டு இன்புளுவென்சா வைரஸிலிருந்து ஒரு மரபணுவை எடுத்து எலியின் தசையில் போட்டார்கள். அது வைரஸின் வயிற்றுக்குள் இருக்கும் புரதத்துக்கானது; பிறபொருளெதிரிக்கு எட்டாத இடம். அப்புறம் 1968ஆம் ஆண்டு ஹொங்கொங் வைரஸைத் தொற்றவைத்தார்கள். முப்பத்துநாலு வருட இடைவெளி, வேறு வகை வைரஸ். இருந்தும் எலிகளுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. வெளித்தோல் மாறினாலும் உள்ளே அதிகம் மாறவில்லை. கொல்லி டி கலங்கள் அதைப் பிடித்துக்கொண்டன.

சரி, எலிக்கு வேலை செய்தது. மாட்டுக்கு?

[காட்சி: எலி, பன்றி, மாடு, ஒரே அளவு ஊசி.]

அங்கேதான் ஏமாற்றம். போட்ட டி.என்.ஏ.யில் பெரும்பகுதி கலத்துக்கு வெளியிலேயே சிதைந்துபோகும். உள்ளே போவதிலும் கரு வரை போய்ச் சேர்வது கொஞ்சம்தான். எலியின் தசை சின்னது. ஊசித் திரவத்தின் அழுத்தமே டி.என்.ஏ.யைக் கலங்களுக்குள் தள்ளிவிடும். மாட்டின் தொடையில் அதே திரவம் கடலில் கரைத்த பெருங்காயம். அதனால்தான் சிறு மின்துடிப்புக் கொடுத்துக் கலமென்சவ்வை ஒரு கணம் திறப்பது, ஊசியில்லாமல் அழுத்தத்தால் தோலுக்குள் பாய்ச்சுவது என்றெல்லாம் பார்க்கிறார்கள்.

ஆனால் மீன் இந்தக் கணக்கைக் கலைத்துவிட்டது. ரெயின்போ டிரவுட், அதாவது நம் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட அதே மீன். அதன் குஞ்சுகளை ஐ.எச்.என். என்ற வைரஸிலிருந்து காப்பாற்ற நானோகிராம் கணக்கில் டி.என்.ஏ. போதுமாக இருந்தது. ஊசி போட்டுச் சில நாட்களிலேயே இன்டர்பெரோன் என்ற வைரஸ் எதிர்ப்புப் புரதம் எழுந்து முதல் காவலுக்கு நிற்கிறது; அந்த நாட்களில் வேறு சில வைரஸ்களுக்கும் தடை. அந்த வைரஸுக்கென்றே உரிய நோய் எதிர்ப்பு பின்னால் வந்து, நீண்ட காலம் தங்குகிறது.

2005இல் கனடா இந்த வைரஸுக்கு எதிராகச் சால்மன் மீனுக்கு டி.என்.ஏ. தடுப்பூசியை அனுமதித்தது. அதே வருடம் அமெரிக்கா, வெஸ்ட் நைல் வைரஸுக்காகக் குதிரைக்கு. மனிதர்களுக்கு முதல் அனுமதி 2021இல்தான், இந்தியாவில், கோவிட்டுக்கு. இந்த வரிசையில் நாங்கள் குதிரைக்கும் மீனுக்கும் பின்னால்.

[காட்சி: மறுபடி ஒழுங்கை. ஒரு நாய் காதைச் சொறிகிறது.]

நாய்களிலும் பார்த்திருக்கிறார்கள். விசர்நாய் வைரஸின் மரபணுவைத் தசையில் போடாமல் காது மடலின் தோலுக்குள் ஒரே ஒரு தடவை போட்டார்கள். ஒரு வருடம் கழித்து வைரஸைக் கொடுத்தும் நாய்கள் பிழைத்தன. தோலில் டென்ட்ரிடிக் கலங்கள் நெருக்கமாக இருப்பது இதற்குக் கைகொடுத்திருக்க வேண்டும்.

கொழும்புத் தெருவுக்கு இது நாளைக்கே வராது. செத்த வைரஸ் ஊசி மலிவு, வேலையும் செய்கிறது. குறைந்தது நூற்றுக்கு 70 நாய்களுக்காவது அது போய்ச் சேர வேண்டும் என்பதுதான் பெரிய பாடு. தவிர, பின்னங்காலில் குத்தினாலே ரயில் பாதை வரை ஓடுகிற இந்த நாய்கள் காதைப் பிடிக்க விடுமா என்பதை மாநகர சபை ஆட்களிடம்தான் கேட்க வேண்டும்.