'இறந்தோர் தீவு': எந்த வரைபடத்திலும் இல்லாத ஓர் இடம்

[திரையில்: முழு ஓவியம். கேமரா மெல்லப் படகை நெருங்குகிறது.]

கடலில் அலையே இல்லை. படகில் வெள்ளை உடுத்திய ஓர் உருவம் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. அதன் முன்னால் வெள்ளைத் துணி போர்த்திய சவப்பெட்டி. எதிரே செங்குத்தான பாறைகள், அவற்றில் குடைந்த அறைகள், நடுவில் கறுத்து உயர்ந்த சைப்ரஸ் மரங்கள்.

சுவிஸ் ஓவியர் ஆர்னால்ட் பொக்லின் 1880 முதல் 1886 வரை இந்தத் தீவை ஐந்து முறை வரைந்தார். இது எந்தத் தீவு என்று பலரும் மத்தியதரைக் கடல் முழுக்கத் தேடிவிட்டார்கள். எனக்கு அந்தத் தேடலில் ஆர்வமில்லை. ஃபுளோரன்சில் அவருடைய ஓவியக்கூடத்துக்கு அருகே ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது. அவருடைய கைக்குழந்தை ஒன்று அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டது. இந்த ஓவியத்தின் முன் நிற்க எனக்கு அந்தச் செய்தியே போதும்.

[திரையில்: படகு மட்டும், மிக அருகில்.]

முதல் ஓவியத்தில் சவப்பெட்டியும் வெள்ளை உருவமும் தொடக்கத்தில் இல்லை. மேரி பெர்னா என்ற பெண், கணவரை இழந்தவர், கனவு காண ஒரு படம் வேண்டும் என்று கேட்டார். அவருக்காக வரைந்த இரண்டாவது ஓவியத்தில் பொக்லின் இவ்விரண்டையும் சேர்த்தார். பிறகு முதல் ஓவியத்திலும் வரைந்தார். படத்தின் உயிர்நாடி என்று இன்று நாம் நினைப்பது ஒரு விதவையின் துக்கத்துக்காக வந்து சேர்ந்தது! 'சைப்ரஸ் என்றால் மரணம், படகு என்றால் கடைசிப் பயணம்' என்று அகராதிபோல் பொருள் சொல்லி இதை முடித்துவிட முடியாது.

தலைப்பைக்கூட 1883இல் ஓவிய வணிகர் குர்லிட்தான் சூட்டினார்.

[திரையில்: மாக்ஸ் கிளிங்கரின் அச்சோவியம்.]

இதை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது அச்சு. மூன்றாவது ஓவியத்தைப் பார்த்து 1890இல் ஜெர்மன் ஓவியர் கிளிங்கர் எட்சிங் என்ற அச்சோவியம் செய்தார். மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீற வேண்டும். கீறிய இடத்தை அமிலம் அரிக்கும். அரிப்பு ஆழமானால் கோடு கூடுதலாக மை பிடிக்கும், கறுப்பு அடர்த்தியாகும். நிறமே இல்லாமல் அந்த மரங்களின் இருளை அவர் எப்படிக் கொண்டுவந்திருக்கிறார், பாருங்கள்.

[திரையில்: கறுப்பு வெள்ளைப் பிரதி.]

இசையமைப்பாளர் ரஹ்மானினவ் 1907இல் பாரிசில் பார்த்ததும் ஒரு கறுப்பு வெள்ளைப் பிரதியைத்தான். அதிலிருந்து 1909இல் ஒரு சிம்பொனிக் கவிதை, அதாவது ஓர் ஓவியத்தையோ கதையையோ இசைக்குழுவின் இசையாலேயே சொல்லும் படைப்பு, பிறந்தது. வண்ண ஓவியத்தைப் பிறகு நேரில் கண்டபோது அது அவரை அவ்வளவாக அசைக்கவில்லை. அதை முதலில் பார்த்திருந்தால் இந்த இசையை எழுதியே இருக்க மாட்டேனோ என்னவோ என்றார்.