லாவெண்டரை எப்போது வெட்டுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் லாவெண்டர் வளர்க்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: பூ முழுசா விரிஞ்சபிறகு வெட்டணுமா?

நம் குமரி மாவட்டத்தில் பூச்சந்தைக்குப் பேர்போன தோவாளைக்காரர்களிடம் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பிச்சியை விரிந்தபிறகா பறிக்கிறோம்? நம் மாவட்டத்து மாறாமலையில் விளையும் கிராம்பும் அப்படித்தான். மொட்டு பச்சை மாறிச் சிவக்கத் தொடங்கும்போதே பறித்துவிட வேண்டும், விரிந்துவிட்டால் விலை போகாது. லாவெண்டர் கதிரிலும் ஒன்றிரண்டு பூ விரிந்து, மற்றவை மொட்டாக நிற்கும்போதே கத்திரியை எடுங்கள். அதன் மணம் இதழில் அதிகம் இல்லை. இதழைத் தாங்கும் புல்லிவட்டத்தின் நுண்ணிய சுரப்பிகளில்தான் எண்ணெய் இருக்கிறது. இதழ் உதிர்ந்தாலும் வாசம் நிற்பது அதனால்தான்.

ஆனால் பிச்சிக்குப் போவதுபோல் கருக்கலிலேயே போய்விடாதீர்கள். பனி ஈரம் உலர்ந்தபிறகு, வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும். உச்சி வெயிலில் எண்ணெய் ஆவியாகிப் போகும். பச்சைத் தண்டில், நாலைந்து இலை மிச்சம் விட்டு வெட்டுங்கள். அடியில் கட்டையாகிப்போன பகுதியில் வெட்டினால் பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது.

வெட்டுவது பெரிய காரியமில்லை, காயவைப்பதில்தான் நமக்குப் பாடு. ஜம்முவில் பதர்வா பக்கம் வயல் வயலாக லாவெண்டர் போடுகிறார்கள். அங்கே மலைக்குளிர். நமக்குக் கடற்காற்றின் ஈரமும் உண்டு, தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. அதனால் பெரிய கட்டாகக் கட்டவே கூடாது, விரல் பருமன் போதும். நூலைவிட ரப்பர் பேண்ட் நல்லது. காயும்போது தண்டு சுருங்கும், நூல் தளர்ந்து எல்லாம் கீழே விழும். வெயில் படாத, காற்றோடும் அறையில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். அடுக்களை வேண்டாம், அங்கே எப்போதும் ஆவி. இரண்டு வாரம் கழித்துத் தண்டை ஒடித்துப் பாருங்கள். சடக்கென்று ஒடிந்தால் மொட்டை உருவிப் பாட்டிலில் அடைக்கலாம். வளைந்தால் பொறுத்திருங்கள், இல்லையென்றால் பூஞ்சணம் பிடிக்கும். தை முதல் பங்குனி வரை காற்று கொஞ்சம் காய்ந்திருக்கும். அப்போது பூத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

சிலர் வீட்டில் செடி பூக்கவே பூக்காது. இங்கிலீஷ் லாவெண்டருக்குக் குளிர் வேண்டும், நம்மூரில் அது எங்கே? இலை ஓரம் பல்பல்லாக இருக்கிற வகை நம் சூட்டை ஓரளவு தாங்கும். அதில் பூ வராவிட்டாலும் நுனி இலைகளை வெட்டி இதேபோல் காயவைக்கலாம். சூடம் கலந்த வாசம் வரும். தேநீரில் போட வேண்டாம். சின்னத் துணிப்பையில் கட்டிச் சேலைகளுக்கு நடுவே வையுங்கள், வாசம் குறையும்போது பையைக் கையால் கசக்கிவிட்டால் போதும்.

நன்றி, வணக்கம்.